மீந்த பணம்

2017ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப்பாதை முடிந்து வந்தபின், நாங்கள் ஐந்து பேர் எங்கள் தெருத் தையற்கடைத் திண்ணையில் ஒரு நீளக் கணக்கு நோட்டை விரித்துவைத்து அமர்ந்திருந்தோம். எங்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒருவர் அந்தத் தையற்கடைக்காரர். இருவர் நெல் விவசாயிகள். ஐந்தாமவர் சத்துணவுக் கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய அம்மா. திருப்புலிவனத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. எனவே எங்கள் அன்பியம் எடுக்கும் எந்தக் காரியமும் இரண்டாம் நாளே ஊர்க் காரியமாகிவிடும். அந்த நோட்டிலிருந்த கணக்கும் அத்தகையதே. வரவையும் செலவையும் மும்முறை கூட்டிப் பார்த்தோம். 38,400 ரூபாய் மீந்திருந்தது.

அந்தப் பணம் ஒரு சிறுமியின் சிகிச்சைக்காக 2015இல் திரட்டப்பட்டது. அவள் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்தவளல்லள். எங்கள் தெருவைச் சேர்ந்தவள். தாய்மாமன் மகளை மணந்த ஒரு கொத்தனாரின் மூத்த மகள். பத்து மாதக் குழந்தையாயிருந்தபோதே வெளிறிப்போய், காஞ்சிபுரத்திற்கும் பின்னர் வேலூருக்கும் தூக்கிச் செல்லப்பட்டாள். அங்கே நோய்க்குத் தலசீமியா என்று பெயர் சொன்னார்கள். தாய் தந்தை இருவரும் தமக்குத் தெரியாமலே சுமந்திருந்த ஒரு குறை, பிள்ளையிடத்தில் இரட்டித்து நோயாகிவிட்டது. அன்று முதல் மூன்று வாரத்திற்கொருமுறை பிறர் இரத்தம் ஏற்றித்தான் அவள் வாழ்ந்தாள்.

இரத்தம் ஏற்றுவது உயிரைக் காக்கும். அதுவே உயிருக்கு ஊறும் விளைக்கும். ஏற்றும் ஒவ்வொரு பையிலும் இருநூறு மில்லிகிராமுக்கு மேல் இரும்புச் சத்து இருக்கிறது. உள்ளே வந்த இரும்பை வெளியேற்றும் வழி நம் உடலுக்குத் தெரியாது. அது கல்லீரலிலும் இதயத்திலும் படிந்துகொண்டே போகும். படிந்ததை அகற்ற மருந்து உண்டு. ஆனால் அதை நாள் தவறாமல் வாங்கிக் கொடுக்க ஒரு கொத்தனாரின் கூலி போதாது. எட்டு வயதில் அவளுடைய வயிற்றை மருத்துவர் விரலால் அழுத்திப் பார்த்து, பேனாவால் கோடிட்டு, அளவுகோலை வைத்தார். விலா எலும்புக்குக் கீழே ஆறு சென்டிமீட்டர் கல்லீரல் இறங்கியிருந்தது. நோயை வேரோடு தீர்க்க இருந்த ஒரே வழி எலும்பு மஜ்ஜை மாற்று. உடன்பிறந்தாரின் மஜ்ஜை பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்குதான் வாய்ப்பு. அவளுடைய தம்பியின் மஜ்ஜை பொருந்தியது.

பதினைந்து நாளில் பணம் சேர்ந்தது. கோயில் திருவிழாக் குழுவினர் கொடுத்தார்கள்; உத்திரமேரூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் கொடுத்தார்; நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஐம்பது ரூபாயாகக் கொடுத்தார்கள். மருத்துவமனையின் ஏழையர் சலுகையும் அரசின் உதவியும் ஒருபுறம் சேர்ந்தன. நாங்கள் நோட்டும் பையுமாகத் தெருத்தெருவாய் நடந்தோம். சத்துணவு அம்மா மட்டும் எங்களோடு வருவார். வாய் திறந்து எவரிடமும் கேட்கமாட்டார். அதன் காரணம் எங்களுக்குத் தெரியும்.

2003இல் அவர் தம்முடைய மகனை இதே சிகிச்சைக்கு வெளியூர் ஒன்றிற்குக் கொண்டுசென்றார். அவனுக்கு ஒன்பது வயது. நோயும் அதுவே, கல்லீரலும் ஏறத்தாழ அதே அளவு. அக்காளின் மஜ்ஜை பொருந்தியிருந்தது. நிலத்தை விற்றார்கள். மஜ்ஜை ஏற்றிய சில நாளில் பிள்ளையின் எடை கூடிக்கொண்டே போயிற்று. வயிறு வீங்கியது, கண் மஞ்சளாயிற்று, பத்தொன்பதாம் நாள் அவன் இறந்தான். கல்லீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அடைத்துவிட்டன என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவர்கள்மீது குறை கூற எதுவுமில்லை. அன்று உலகெங்கும் கொடுக்கப்பட்ட மருந்தைத்தான் அவர்களும் கொடுத்தார்கள்.

2015இல் நாங்கள் அஞ்சியதும் அதைத்தான். ஆனால் சிறுமி பிழைத்தாள். அறுபது நாளில் வாய்ப்புண்ணும் காய்ச்சலும் தணிந்து, தலையில் ஒரு முடியுமின்றி, முகக்கவசத்தோடு ஊர் திரும்பினாள்.

பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் என்ன மாறியது? இந்தக் கேள்வி எங்களுள் ஆசிரியரை விடவில்லை. அவளைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் இளம் மருத்துவர்களிடம் கேட்டு வந்தார். மருந்தாளுநராகப் பணியாற்றும் தம் மகனிடம் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துச் சொல்லச் சொன்னார். நாங்கள் புரிந்துகொண்டதை எங்கள் மொழியில் சொல்கிறோம்.

மஜ்ஜை மாற்று என்பது நாற்று நடுவதுபோல. நிலத்தில் முன்பிருந்ததை உழுது அழித்துச் சேறாக்கிய பின்னர்தான் புது நாற்றை நட முடியும். அதுபோல, பழைய மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் முற்றாக அழித்துவிட்டு, மற்றவருடைய அணுக்களை ஒரு சாதாரண இரத்தப் பையைப்போல் நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் வழி கண்டு வேர்கொள்ளும். இதில் இரண்டு பேராபத்துகள் உண்டு. முதலாவது, உழும் மருந்து நிலத்தையே பாழாக்கிவிடுவது. சத்துணவு அம்மாவின் மகனுக்கு நேர்ந்தது இது. இரண்டாவது, வந்து வேர்கொண்ட அணுக்கள் தம்மை ஏற்ற உடலையே அந்நியமென்று கருதி, தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்குவது.

இந்த மருத்துவத்தின் தொடக்கம் ஊக்கமளிப்பதாக இல்லை. அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1957இல் தம் முதல் முயற்சிகளை வெளியிட்டார். அந்தக் காலத்து நோயாளர் ஏறக்குறைய அனைவரும் இறந்தனர். பலர் இந்தத் துறையையே கைவிட்டனர். அவரும் அவருடைய மனைவி டாட்டியும் நாய்களைக்கொண்டு மேலும் பல ஆண்டுகள் ஆய்ந்தனர். அந்த நெடிய காலத்தில் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி அவருக்குத் தொடர்ந்து கிடைத்தது. 1990இல் அவர் நோபல் பரிசு பெற்றார். தோல்விகளுக்கு இத்தனை ஆண்டு பணம் கொடுத்த ஒரு அரசு அலுவலகத்தின் பொறுமையை எண்ணும்போது எங்களுக்கு வியப்பே மேலிடுகிறது. எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு இரண்டு முறை பொய்த்தால் மூன்றாம் முறை பணம் தர ஆளில்லை.

நம் நாட்டில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் மாம்மன் சாண்டி தலைமையிலும் இந்தச் சிகிச்சை தொடங்கிற்று. தலசீமியாவுக்கான மஜ்ஜை மாற்றில் இத்தாலியின் பெசாரோ நகர மருத்துவர்கள் முன்னோடிகள். அவர்கள் குழந்தைகளை மூன்று வகுப்பாகப் பிரித்தனர். மூன்றாம் வகுப்புக்கு ஆபத்து மிகுதி. நம் நாட்டில் சிக்கல் என்னவெனில், இரும்பகற்றும் மருந்துக்கு வழியற்ற ஏழைக் குழந்தைகளில் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பினராகவே வந்து சேர்கின்றனர். அவர்கள் அனைவருக்கும் ஆபத்து ஒரே அளவினதா? இந்தக் கேள்வி இத்தாலியில் எழ வேண்டிய தேவை அவ்வளவாக இல்லை, வேலூரில் எழுந்தது. தாங்கள் சிகிச்சை அளித்த ஒவ்வொரு குழந்தையின் குறிப்பையும் எடுத்து ஆராய்ந்து, ஏழு வயதும் அதற்கு மேலும் ஆகி, கல்லீரல் ஐந்து சென்டிமீட்டரும் அதற்கு மேலும் வீங்கியிருக்கும் குழந்தைகளே மூன்றாம் வகுப்பினுள்ளும் மிகுந்த ஆபத்துக்குள்ளானவர்கள் என்று 2007இல் அங்குள்ள மருத்துவர்கள் வெளியிட்டனர். பேனாக் கோடும் அளவுகோலும் எதற்கென்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

அதற்கு முன்பே, 2004இல், அவர்கள் மற்றொன்றையும் கண்டிருந்தனர். மஜ்ஜையை அழிக்கப் பயன்பட்ட மருந்து புசல்ஃபான். உடல் நஞ்சை முறிப்பதற்கு உதவும் மரபணு ஒன்று சிலரிடம் பிறவியிலேயே இல்லை; அத்தகைய குழந்தைகளுக்குக் கல்லீரல் குழாய் அடைப்பு மிகுதியாக நேர்ந்தது. ஒரே நோய்க்கு ஒரே மருந்தை வாங்கிய இருவருள் ஒருவர் பிழைப்பதும் ஒருவர் மடிவதும் விதியென்றே அதுவரை நாங்கள் எண்ணியிருந்தோம்.

பின்னர் மருந்தையே மாற்றினர். டிரியோசல்ஃபான் என்பது புதிய மருந்தன்று. முன்பு சூலகப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்பட்டது. கல்லீரலை அது அவ்வளவாக வருத்தாது. மூன்றாம் வகுப்பைச் சேர்ந்த 50 பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்து, மஜ்ஜைக்குப் பதிலாக இரத்தத்திலிருந்து பிரித்த மூல அணுக்களை ஏற்றி, முன்பு புசல்ஃபான் பெற்ற 139 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்து 2013இல் வெளியிட்டனர். ஆபத்து மிகுந்த பிரிவில், தொடக்க நாள்களிலேயே சிகிச்சையால் இறப்போர் நூற்றுக்கு 46 ஆக இருந்தது 13 ஆகக் குறைந்தது. கல்லீரல் குழாய் அடைப்பு 78இலிருந்து 30 ஆகக் குறைந்தது.

நாற்பத்தாறு, பதின்மூன்று. ஆசிரியர் இந்த இரு எண்களையும் எங்கள் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தார். ஆபத்து மிகுந்த அந்தப் பிரிவைச் சேர்ந்தவள்தான் எங்கள் தெருச் சிறுமி.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் பேச்சு இங்கேதான் வந்து நின்றது. மீந்த பணத்தை இத்தகைய ஆராய்ச்சிக்குக் கொடுத்தாலென்ன என்று ஆசிரியர் மெதுவாகத் தொடங்கினார். தையற்கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

“என்ன சார் சொல்றீங்க? ஊர்க்காரங்க ஒரு பிள்ளைக்குன்னு கொடுத்த காசு. அதைக் கொண்டுபோய் எலிக்கும் கண்ணாடிக் குழாய்க்கும் செலவு பண்ணச் சொல்றீங்களே. நாளைக்கு இன்னொரு பிள்ளை வந்தா எங்க போறது?”

“அந்த இன்னொரு பிள்ளைக்குத்தாம்பா கேக்கறேன்” என்றார் ஆசிரியர்.

விவசாயிகளுள் மூத்தவர் வேறொரு ஐயத்தை எழுப்பினார். ஏழைகளை வைத்துத்தானே சோதிக்கிறார்கள்? காசுள்ளவன் பிழைக்க, இல்லாதவன் உடம்பைக் கொடுக்க வேண்டுமா? இந்த ஐயத்தை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை, தள்ளவும் கூடாது. நம் நாட்டில் ஒப்புதலின்றியும், உண்மையைச் சொல்லாமலும் நடந்த மருந்துச் சோதனைகள் உண்டு. அதனால்தான் 2009 முதல் ஒவ்வொரு மருந்துச் சோதனையையும் தொடங்குமுன் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டுமென்றாயிற்று; பின்னர் 2019இல் புதிய விதிகளும் வந்தன. ஒப்புதல் படிவம் நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழு ஒன்று அதை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். நடுவில் விலகிக்கொள்ளும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. விதி இருப்பதும் விதிப்படி நடப்பதும் ஒன்றல்ல என்று மூத்தவர் சொன்னார். அதையும் மறுக்கவில்லை.

ஆசிரியர் அப்போது எங்கள் பக்கத்து ஊரைத் துணைக்கழைத்தார். உத்திரமேரூர்க் கல்வெட்டு எங்களுக்குப் பள்ளிப்பாடம் மட்டுமன்று; சந்தைக்குப் போகும் வழியில் நிற்பது. முதலாம் பராந்தகன் காலத்தது, ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமை. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, யார் எவரென்று அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தார்கள். வேண்டியவர், வேண்டாதவர் என்னும் சாய்வு நுழையக் கூடாது என்பதற்காக. மருந்துச் சோதனையிலும் இதே முறைதான். எந்த நோயாளிக்குப் பழைய மருந்து, எவருக்குப் புதியது என்பதைக் குலுக்கலே முடிவு செய்யும். மருத்துவரின் விருப்பத்திற்கு அதில் இடமில்லை. (வேலூரின் 2013ஆம் ஆண்டு ஒப்பீடு அத்தகைய குலுக்கலன்று, முந்தைய நோயாளரோடு செய்த ஒப்பீடு என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை.) அதே கல்வெட்டு, வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனையும் அவனுடைய உறவினரையும் குடத்தில் பெயரிடத் தடை செய்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் வாங்குவோர் பலித்ததை மட்டுமன்றிப் பலியாததையும் வெளியிட வேண்டும் என்று நாங்கள் கேட்பது அந்தப் பழைய சட்டத்தைத்தான்.

பணம் கொடுப்போர் யார் என்பதையும் பேசினோம். புதிய மருந்தைக் கண்டுபிடிக்கும் நிறுவனம் தன் இலாபத்திற்காகச் சோதனைச் செலவை ஏற்கும். ஆனால் மலிவான பழைய மருந்து ஒன்றைக் குறைந்த அளவில் கொடுக்கலாமா, வேறொரு நாளில் கொடுக்கலாமா என்னும் கேள்விக்கு எந்த நிறுவனம் செலவிடும்? விடை எதுவாயினும் விற்பனை பெருகாதே. எனவே அந்தக் கேள்விகள் அரசின் நல்கைக்கும் அறக்கொடைக்கும் காத்துக் கிடக்கின்றன. நம் நாட்டில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005இல் வேலூரில் மூல அணு ஆராய்ச்சி மையத்தை நிறுவத் துணைநின்றது. 2008இல் அந்தத் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளையும் சரிபாதிப் பொறுப்பேற்று ஆராய்ச்சியாளருக்கு உதவும் கூட்டு நிதியொன்றைத் தொடங்கின. தீப்பெட்டி வாங்கும் ஏழையின் வரியும் அதில் இருக்கிறது.

இது எங்கள் மண்ணுக்குப் புதிதுமன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயில் மதிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று ஆதுலர்சாலையைப் பற்றிக் கூறுகிறது. பதினைந்து படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள். அவர்களோடு மூலிகை பறித்துவந்து மருந்து காய்ச்சுவோருக்கும் நெல் அளந்திருக்கிறார்கள். ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்ப் பட்டியலும் உண்டு. இன்ன நோயாளிக்கு என்று பெயர் குறித்து அந்தக் கொடை தரப்படவில்லை. இன்னும் வராத நோயாளிக்காக எவனோ காட்டில் மூலிகை பறித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கூலி உண்டு.

தையற்கடைக்காரர் இவ்வளவுக்கும் அசையவில்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஊரார் நம்பிக் கொடுத்ததை நாமாக வேறு திசைக்குத் திருப்பலாமா? பேச்சு நின்றுவிட்டது. அப்போதுதான் சத்துணவு அம்மா முதன்முறையாக வாய் திறந்தார்.

“சார், என் பிள்ளைக்கு நடந்ததை எங்கயாவது எழுதி வச்சிருப்பாங்களா?”

எவரும் பதில் சொல்லவில்லை. அவர் மகன் சிகிச்சை பெற்றது வேறு ஊரில். அங்கே என்ன குறித்தார்கள், எவர் அதை எடுத்துப் பார்த்தார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆசிரியர் நேரடியாகச் சொல்லாமல், வேலூர்க் கட்டுரையில் ஒப்பிடப்பட்ட அந்த 139 குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். அவர்களுள் இறந்தவர்களின் எடையும் இரத்த அளவும் நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தன. அவை இல்லாவிடில் புதிய மருந்து மேலானது என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. அம்மா தலையசைத்தார். சிறிது நேரம் கழித்து, “அப்ப எழுதுறதுக்குத்தான் கொடுங்க” என்றார்.

அடுத்த இரண்டு வாரம் நாங்கள் மறுபடியும் நோட்டோடு நடந்தோம். இம்முறை பணம் கேட்கவன்று, அனுமதி கேட்க. ஐம்பது ரூபாய் கொடுத்தவரிடமும் கேட்டோம். சிலர் தங்கள் பங்கை அடுத்த நோயாளிக்கே வைக்கச் சொன்னார்கள். அதை அப்படியே வைத்தோம். பெரும்பாலோர், “அந்தப் பொண்ணு நல்லாயிருக்கா இல்ல, எதையாவது செய்யுங்க” என்றார்கள். இறுதியில் 26,150 ரூபாய் இரத்தநோய் ஆராய்ச்சி நிதி ஒன்றிற்கு வரைவோலையாகச் சென்றது. கடலில் கரைத்த பெருங்காயம் என்று தையற்கடைக்காரர் இன்றும் சொல்கிறார். அந்த ஆண்டே கோல் இந்தியா நிறுவனம், பொருந்தும் உடன்பிறப்புள்ள தலசீமியாக் குழந்தைகளின் மஜ்ஜை மாற்றுக்குத் தலைக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை உதவும் திட்டத்தைத் தொடங்கியது. சிகிச்சைக்குப் பணம் வர ஒரு வழி திறந்ததைக் கண்டு அவரும் சற்று ஆறுதலடைந்தார்.

பொருந்தும் உடன்பிறப்பு இல்லாத குழந்தைகளுக்கு? ஒற்றைப் பிள்ளைக் குடும்பங்கள் பெருகிவரும் இக்காலத்தில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. பாதியே பொருந்தும் தாய் தந்தையரின் அணுக்களை ஏற்றி, மூன்றாம் நான்காம் நாள்களில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுத்தால், உடலைத் தாக்கவல்ல அணுக்கள் மடிந்து நல்லவை எஞ்சும் என்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வளர்த்தெடுத்தனர். 1959 முதல் பயன்பாட்டிலுள்ள, விலை மலிந்த மருந்து அது. பின்பு, நன்கு பொருந்தியவர்களுக்கும் அது உதவுமா என்று இரத்தப் புற்றுநோயுற்ற பெரியவர்கள் 431 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தனர். நோய் திரும்பாமலும், ஏற்ற அணுக்களின் கடும் தாக்குதலுக்கு உள்ளாகாமலும் ஓராண்டைக் கடந்தோர் பழைய முறையில் நூற்றுக்கு 35 பேர், புதிய முறையில் 53 பேர் என்று 2023இல் வெளியாயிற்று. அந்தச் சோதனைக்கும் பணம் அமெரிக்க அரசினுடையது.

சிறுமி 2025இல் கல்லூரியில் சேர்ந்தாள். காலையில் உத்திரமேரூர்ப் பேருந்துக்கு ஓடும்போது சத்துணவு அம்மாவின் வாசலில் ஒரு கணம் நின்று, “பெரிம்மா, வரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். நிதியத்திலிருந்து வந்த ரசீதை நாங்கள் அந்த நோட்டில் ஒட்டி வைத்தோம். கொடுத்தவர் பெயர் என்னும் இடத்தில் எங்கள் அன்பியத்தின் பெயரைத்தான் அனுப்பியிருந்தோம். ரசீது வந்தபின், அதன்கீழே பென்சிலால் ஒரு பையனின் பெயர் எழுதப்பட்டிருப்பதைத் தையற்கடைக்காரர்தான் முதலில் கண்டார். எழுதியது யாரென்று நாங்கள் கேட்கவில்லை. நோட்டு இப்போதும் அவர் கடையில், நூல்கண்டுப் பெட்டிக்கு மேலே இருக்கிறது. அடுத்த நோயாளிக்கென்று வைத்த 12,250 ரூபாயின் கணக்கு அதில் தொடர்கிறது.